லைன் சூப்பர்வைசரும் தொழிலாளியின் மனநிறைவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகச் சேர்ந்தேன். பிறகு ஓவர்லாக் டெய்லர், அதன்பின் ஒரு தையல் மெஷின் வரிசையை மேற்பார்க்கும் லைன் சூப்பர்வைசர். இப்போது புதிதாகச் சூப்பர்வைசர் ஆகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். சூப்பர்வைசர்கள் கேட்டவை அதிகம். முதலாளிகளும் டெய்லர்களும் கேட்டவையும் உண்டு.

நான் வெறும் லைன் சூப்பர்வைசர். தலைமைப் பண்பு, தலைமைப் பாணி என்பதெல்லாம் முதலாளிக்கும் ஜெனரல் மேனேஜருக்கும்தானே?

உங்கள் லைனில் இருக்கும் டெய்லர் முதலாளியை ஆண்டுக்கு எத்தனை முறை பார்ப்பார்? ஆயுத பூஜையன்று ஒருமுறை, போனஸ் கொடுக்கும்போது ஒருமுறை. உங்களைத் தினமும் காலை எட்டரை மணியிலிருந்து பார்க்கிறார். எந்த மெஷினில் உட்கார வேண்டும், எந்த வேலை செய்ய வேண்டும், லீவு உண்டா இல்லையா, தைத்த பீஸ் தேறுமா தேறாதா என்று சொல்வது நீங்கள்தான். அவருக்குக் கம்பெனி என்றால் நீங்கள்தான்.

தலைமைப் பாணி என்பது பெரிய சொல்லாகத் தெரிந்தாலும் பொருள் எளியது. வேலையை எப்படிச் சொல்கிறீர்கள், தவறு நடந்தால் என்ன செய்கிறீர்கள், முடிவெடுக்கும்போது யாரைக் கேட்கிறீர்கள் என்ற மூன்றிலும் உங்களுக்கென்று ஒரு வழக்கம் படிந்திருக்கும். அந்த வழக்கம்தான் பாணி. உங்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம். உங்கள் லைனில் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.

வேலையில் மனநிறைவு என்றால் எல்லோரும் சிரித்துக்கொண்டே வேலை செய்வதா?

இல்லை. ஷிப்மென்ட் நெருக்கடியில் யாரும் சிரிப்பதில்லை, சிரிக்கச் சொல்லவும் கூடாது. 'இந்த வேலை எனக்கு ஏற்றது, இங்கே என்னை மனுஷியாக நடத்துகிறார்கள், நாளைக்கும் வரலாம்' என்ற எண்ணம் ஒருவருக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. முகத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. சனிக்கிழமை சம்பளம் வாங்கியபின் திங்கட்கிழமை எத்தனை மெஷின் காலியாக இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு எத்தனை பேர் வேறு கம்பெனிக்குப் போகிறார்கள் என்று பாருங்கள்.

சம்பளம்தான் எல்லாமே. அதிகம் கொடுத்தால் எந்தச் சூப்பர்வைசராக இருந்தாலும் பொறுத்துக்கொள்ள மாட்டார்களா?

சம்பளம் முக்கியமில்லை என்று சொல்கிறவரை நான் நம்பமாட்டேன். வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் படிப்புச் செலவையும் மரியாதையைக் கொண்டு கட்ட முடியாது. ஆனால் திருப்பூரில் கம்பெனிக்குக் கம்பெனி வாசலில் 'டெய்லர் தேவை' என்று போர்டு தொங்குகிறது. பக்கத்துக் கம்பெனியிலும் ஏறக்குறைய அதே கூலிதான். கூலி சமமாக இருக்கும் இடத்தில் ஆளை நிறுத்துவதும் துரத்துவதும் லைனில் அவர் நடத்தப்படும் விதம்தான்.

1959இல் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். பிட்ஸ்பர்க் பகுதியில் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும், வேலையில் மிக நன்றாக உணர்ந்த நேரம் எது, மிக மோசமாக உணர்ந்த நேரம் எது என்று கேட்டார்கள். மோசமான நேரங்களைப் பற்றிப் பேசியவர்கள் கம்பெனியின் விதிமுறைகளையும் மேற்பார்வையையும் சம்பளத்தையும் சொன்னார்கள். நல்ல நேரங்களைப் பற்றிப் பேசியவர்கள் சாதித்ததையும், பாராட்டப்பட்டதையும், வேலையே தந்த ஈடுபாட்டையும் சொன்னார்கள். இந்த இரண்டு பட்டியல்களும் அவ்வளவு சுத்தமாகப் பிரிவதில்லை என்று பின்னால் பலர் மறுத்தார்கள். மறுப்பில் நியாயம் உண்டு. ஆனால் சம்பளமும் மேற்பார்வையும் குறைகளின் பட்டியலில் பக்கம் பக்கமாக நின்றதை நான் மறப்பதில்லை. ஒன்றில் விழுந்த ஓட்டையை இன்னொன்றால் நெடுநாள் அடைக்க முடியாது.

பாணி எத்தனை வகை? ஒரு பட்டியல் கொடுத்தால் மனப்பாடம் செய்துகொள்வேன்.

மனப்பாடம் வேண்டாம், இரண்டு ஆய்வுகளை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். 1939இல் குர்ட் லெவினும் அவருடைய மாணவர்களும் அயோவாவில் பத்து வயதுச் சிறுவர்களைக் குழுக்களாகச் சேர்த்து முகமூடி செய்வது போன்ற கைவேலைகளைக் கொடுத்தார்கள். ஒரு தலைவர் எல்லாவற்றையும் தானே கட்டளையிட்டார். இன்னொருவர் சிறுவர்களோடு கலந்து முடிவெடுத்தார். மற்றொருவர் எதிலும் தலையிடாமல் விட்டுவிட்டார். கலந்து முடிவெடுத்தவரையும் கட்டளையிட்டவரையும் ஒப்பிடச் சொன்னபோது, 20 சிறுவர்களில் 19 பேர் கலந்து முடிவெடுத்தவரே மேல் என்றார்கள். கட்டளைத் தலைவர் அறையில் இருக்கும்வரை வேலை மும்முரமாக நடந்தது, அவர் வெளியே போனதும் படுத்துவிட்டது.

அடுத்தது ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1950களில் சொன்னது. தலைவரின் நடத்தையை இரண்டு தனித்தனி அளவுகோல்களால் அளக்கலாம் என்றார்கள். ஒன்று, வேலையை ஒழுங்குபடுத்துவது: யார், எதை, எப்போது, எப்படி. மற்றொன்று, ஆளைக் கவனிப்பது: மரியாதை, நம்பிக்கை, காதுகொடுத்துக் கேட்பது. ஒருவரிடம் இரண்டும் கூடுதலாக இருக்கலாம், இரண்டுமே குறைவாகவும் இருக்கலாம். ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பயிற்சிக்கு வரும் பாதிப்பேருக்கு இதைக் கேட்டதும் முகம் மாறும். 'ஒன்று நல்லவராக இருக்கலாம், இல்லை வேலை வாங்கலாம்' என்றே அதுவரை நினைத்திருப்பார்கள்.

சத்தம் போடாமல் லைன் ஓடாது. கண்டிப்பாக இருந்தால் வெறுக்கிறார்கள், நான் என்ன செய்வது?

கண்டிப்பு வேறு, அவமதிப்பு வேறு. நான் டெய்லராக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஒருநாள் டி-ஷர்ட்டுக்குக் கழுத்து ரிப் வைத்துக்கொண்டிருந்தேன். செக்கிங்கிலிருந்து பதினான்கு பீஸ் திரும்பி வந்தன, தையல் ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டை. சூப்பர்வைசர் அந்தப் பதினான்கையும் என் மடியில் வீசிவிட்டு, கண் தெரியவில்லையா என்று லைன் முழுக்கக் கேட்கும்படி கத்தினார். மதியம்வரை என் கை நடுங்கியது, இன்னும் ஆறு பீஸ் வீணாயின. சில மாதம் கழித்து வேறு கம்பெனியில் அதே கோளாறு. அங்கிருந்த சூப்பர்வைசர் அக்கா மெஷினை நிறுத்தச் சொன்னார். குனிந்து ஊசி முனையை நகத்தால் ஒருமுறை தடவிப் பார்த்தார். முனை மழுங்கியிருந்தது. பின்னல் துணியில் மழுங்கிய ஊசி இழையை விலக்கிக்கொண்டு போகாமல் அறுத்துவிடும், ஓட்டை அதனால்தான் விழும். புது ஊசி மாட்டிவிட்டு, 'இனி ஒவ்வொரு கட்டு தொடங்கும்போதும் நகத்தால் பார்த்துவிட்டுத்தான் தைக்க வேண்டும், பார்க்காமல் தைத்தால் அந்தக் கட்டு உன் கணக்கில் சேராது' என்றார். கூலி வெட்டுவேன் என்பதை இதைவிடக் கண்டிப்பாகச் சொல்ல முடியாது. எனக்குக் கோபமே வரவில்லை. இன்றும் நகத்தால் தடவிப் பார்க்காமல் மெஷினில் கால் வைப்பதில்லை.

இதை எண்ணிக்கையாகவும் பார்த்திருக்கிறார்கள். ஃபிளைஷ்மனும் ஹாரிஸும் 1962இல் ஒரு டிரக் தொழிற்சாலை ஃபோர்மன்களை, அதாவது நம் சூப்பர்வைசர் போன்றவர்களைப் பற்றி எழுதினார்கள். ஆட்களைக் கவனிக்காத ஃபோர்மன்களிடம் கண்டிப்பு கூடினாலும் குறைந்தாலும் புகார்கள் அதிகம். ஆட்களை நன்றாகக் கவனிக்கிறவர்கள் கண்டிப்பைக் கூட்டினாலும் புகார் அவ்வளவாக ஏறவில்லை. வேலையை விட்டுப் போவதிலும் ஏறக்குறைய இதே நிலைதான். கண்டிப்பைக் குறைக்கச் சொல்லி நான் யாரையும் கேட்பதில்லை. பீஸை மடியில் வீசாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

நான் எல்லோரிடமும் அன்பாகத்தான் இருக்கிறேன். ஆனால் ஏமாற்றுகிறார்கள். லேட்டாக வருகிறார்கள், சொன்னதைச் செய்வதில்லை. அன்பு தோற்றுவிட்டதா?

அன்பு தோற்கவில்லை, அதற்குத் துணையாக ஒழுங்கு இல்லை. லெவினின் ஆய்வில் எதிலும் தலையிடாத தலைவரைச் சொன்னேனே, அவருடைய குழுவில் வேலையும் குறைவு, தரமும் குறைவு. தலையிடாமல் இருப்பதை நாம் அன்பு என்று நினைக்கிறோம். லேட்டாக வந்த ஒருவரைக் கேட்காமல் விட்டால், நேரத்துக்கு வந்த முப்பது பேருக்கு அதுவே அநியாயம். லேட்டாக வந்தவருக்காகக் காத்திருந்த கைமடிக்குக் கால்மணி நேரக் கூலி போயிருக்கும். அவருக்கு யார் பதில் சொல்வது?

இன்றைய கணக்கு எத்தனை பீஸ், எந்தத் தரம், தவறினால் என்ன நடக்கும் என்பதைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னது எல்லோருக்கும் பொருந்தட்டும். அதற்குப் பிறகு அன்பாக இருங்கள், யாரும் ஏமாற்ற மாட்டார்கள்.

இதெல்லாம் அமெரிக்காவில் எழுதி வைத்தது. நம் ஊர் ஆட்களுக்கு அதட்டினால்தான் புரியும் என்று எங்கள் மேனேஜர் சொல்கிறார்.

கேள்வியின் முதல் பாதி நியாயமானது. அதே கேள்வியைப் பாட்னாவைச் சேர்ந்த உளவியலாளர் ஜெய் பி. பி. சின்ஹா எழுபதுகளிலேயே எடுத்துக்கொண்டார். இந்தியத் தொழிலாளி மேலதிகாரியிடம் வெறும் முதலாளியைப் பார்ப்பதில்லை, ஒரு மூத்தவரையும் எதிர்பார்க்கிறார் என்பது அவருடைய கணிப்பு. அதனால் முழு அதிகாரமும் சரிப்படாது, எடுத்த எடுப்பில் 'நீங்களே முடிவு செய்யுங்கள்' என்பதும் சரிப்படாது. வேலையில் கறார், ஆளிடம் அக்கறை, வேலை கற்றுத் தேறத் தேறப் பொறுப்பை அவரிடமே விடுவது என்று ஒரு பாணியை விவரித்தார். 1980இல் அதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். ஊசியை நகத்தால் தடவிய அந்த அக்கா சின்ஹாவைப் படித்தவரில்லை. செய்தது அதைத்தான்.

அதட்டினால்தான் புரியும் என்ற பின்பாதியை நான் ஏற்கவில்லை. அதட்டுகிறவருக்கு வேறு வழி தெரியவில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. கொங்கு நாட்டில் சின்னப் பிள்ளைகளைக்கூட மரியாதை சேர்த்து அழைக்கிற பழக்கம் இருக்கிறது. கேட்டுக்குள் வந்ததும் அது எங்கே போய்விடுகிறது?

தொழிலாளர்களிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தால் வேலை எப்போது நடக்கும்?

இதற்கு நம் தொழிலிலேயே ஒரு சான்று இருக்கிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்து மரியன் என்ற ஊரில் ஹார்வுட் என்ற பைஜாமா தொழிற்சாலை இருந்தது. பெரும்பாலும் பெண் தொழிலாளர்கள், தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற பீஸ் ரேட் கூலி, மணிக்கு 60 யூனிட் இலக்கு. நம் லைனை அப்படியே தூக்கி அங்கே வைத்ததுபோல இருக்கும். ஸ்டைல் மாறும்போதெல்லாம் உற்பத்தி விழும், சண்டை வரும், ஆட்கள் நின்றுவிடுவார்கள். லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் இருவரும் அங்கே ஒரு பரிசோதனை நடத்தி 1948இல் வெளியிட்டார்கள்.

அயர்னிங் குழு ஒன்றிடம், இனி பைஜாமாவை அட்டைமேல் அடுக்காமல் பெட்டிக்குள் அடுக்க வேண்டும், ரேட் இதுதான் என்று அறிவித்தார்கள். காரணமும் சொன்னார்கள், கேள்விக்குப் பதிலும் சொன்னார்கள், ஆனால் முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. இன்னொரு குழுவில் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்துப் புதுமுறையை அவர்களோடு சேர்ந்து வகுத்தார்கள். மேலும் இரண்டு குழுக்களில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார்கள். அறிவிப்பை மட்டும் கேட்ட குழுவில் உற்பத்தி விழுந்தது விழுந்ததுதான், முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டார்கள். பிரதிநிதிகள் வைத்த குழு இரண்டு வாரத்தில் பழைய வேகத்துக்குத் திரும்பியது. எல்லோரும் பேசிய குழுக்கள் அதற்கும் முன்பே மீண்டு, பழைய அளவைவிட ஏறக்குறைய 14 சதவீதம் மேலே போயின. இந்த மூன்று குழுக்களிலும் அந்த 40 நாளில் ஒருவர்கூட நிற்கவில்லை. எனக்குப் பிடித்தது இதற்குப் பின்னால் நடந்தது. முதல் குழுவில் மிஞ்சியிருந்த அதே ஆட்களைச் சில மாதம் கழித்து வேறு வேலைக்கு மாற்றினார்கள், இந்த முறை எல்லோரோடும் கலந்து பேசி. அவர்களும் விறுவிறுவென்று மேலே வந்துவிட்டார்கள். ஆட்கள் அதே ஆட்கள், கேட்ட விதம்தான் மாறியது.

அந்தப் பேச்சுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? 17 சதவீதம் ஆளை இழந்து, புது ஆள் தேடி, அவருக்குக் கை பழகும்வரை காத்திருக்கும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்படியென்றால் எல்லாவற்றுக்கும் கூட்டம் போட வேண்டுமா?

வேண்டாம். சில ஆண்டுகள் கழித்து நார்வேயில் ஒரு காலணித் தொழிற்சாலையில் இதே முறையைச் செய்து பார்த்தார்கள், 1960இல் முடிவு வெளிவந்தது. ஹார்வுட்டில் கிடைத்த பலன் அங்கே கிடைக்கவில்லை. கருத்துச் சொன்ன விஷயங்கள் அந்தத் தொழிலாளர்களின் வேலைக்கு அவ்வளவு முக்கியமானவை அல்ல. இப்படி நேரடியாகக் கேட்பதே சரியான முறையா என்பதிலும் அவர்களுக்குள் வேறுபாடு இருந்தது, அங்கே தொழிற்சங்கம் வழியாகப் பேசித்தான் பழக்கம்.

அவர்கள் செய்யும் வேலையைத் தொடும் விஷயத்தில் கேளுங்கள்: மெஷின் வரிசை, எந்த வேலைக்குப் பின் எந்த வேலை, கட்டு எத்தனை பீஸ், புது ஸ்டைலுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும். லேபிளின் நிறம் பற்றிக் கருத்துக் கேட்டுவிட்டு ரேட்டைப் பற்றி வாய் திறக்கவிடாமல் இருப்பது, கேட்காமலே இருப்பதைவிட மோசம்.

கேட்டுவிட்டு, சொன்னதைச் செய்து தர என்னால் முடியாவிட்டால்? என் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது?

இந்தப் பயத்தில்தான் பலர் கேட்பதே இல்லை. இந்திய ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் அச்யுத அத்வர்யு உள்ளிட்ட பொருளாதார ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனை செய்தார்கள். எதிர்பார்த்த அளவு சம்பள உயர்வு வராமல் தொழிலாளர்கள் மனம் நொந்திருந்த நேரம். சிலரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, பெயர் இல்லாமல், வேலைச்சூழல் பற்றியும் சூப்பர்வைசர் பற்றியும் மனநிறைவு பற்றியும் கருத்துக் கேட்டார்கள். கேட்கப்பட்டவர்களில் வேலையை விட்டவர்களும் லீவு போட்டவர்களும் மற்றவர்களைவிடக் குறைவு. மிக அதிகமாக ஏமாற்றம் அடைந்திருந்தவர்களிடம்தான் இந்த வித்தியாசம் பெரிதாக இருந்தது.

ஒருவர் சொல்வதைக் கேட்பதற்கே ஒரு மதிப்பு இருக்கிறது. ஆனால் இதை வைத்து ஏமாற்றாதீர்கள். ஒருமுறை கேட்டால் நம்புவார்கள், ஐந்து முறை கேட்டும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் ஆறாவது முறை தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். முடியாததை முடியாது என்று காரணத்தோடு திரும்பி வந்து சொல்லுங்கள். டாய்லெட் தாழ்ப்பாள், ஃபேன், குடிதண்ணீர் போல உங்களால் முடிவதை அந்த வாரமே முடியுங்கள்.

நேற்றுவரை பக்கத்து மெஷினில் இருந்தேன். இன்று சூப்பர்வைசர். என்னைவிட மூத்த அக்காக்கள் மதிக்க மறுக்கிறார்கள்.

எனக்கும் நடந்தது. முதல் வாரம் விறைப்பாக நடந்துகொண்டேன். அதுவரை 'அக்கா' என்று அழைத்தவரை, இனி அதிகாரி அல்லவா என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பெயர் சொல்லி அழைத்தேன். அவர் பதிலே பேசவில்லை. அன்று மாலைவரை என் லைனில் யாருமே என்னிடம் நேராகப் பேசவில்லை, எல்லாம் கைமடிப் பெண் வழியாகத்தான் வந்தது. மறுநாள் அவர் மெஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, 'அக்கா, இந்தப் பாக்கெட் வேலையை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். புதுப் பெண்கள் இரண்டு பேருக்கும் நீங்கள் காட்டிக் கொடுங்கள்' என்றேன். காட்டிக் கொடுத்தார்.

பதவி உயர்ந்தாலும் முறை மாறாது. அக்கா அக்காதான், அண்ணன் அண்ணன்தான். அந்த முறையோடே 'இந்தக் கட்டைத் திருப்பித் தைக்க வேண்டும், அக்கா' என்று சொல்ல முடியும். சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒடிசா, பீகார் ஆட்களுக்குத் தமிழ் தெரியாது. சத்தமாகச் சொன்னால்தானே கவனிக்கிறார்கள்?

புரியாத மொழியைச் சத்தமாகச் சொன்னால் சத்தம்தான் புரியும், சொன்ன விஷயம் புரியாது. சரியான பீஸ் ஒன்று, தவறான பீஸ் ஒன்று என்று மெஷினுக்கு மேலே கட்டித் தொங்கவிடுங்கள். பத்து இந்திச் சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்களிலேயே தமிழ் பழகிய ஒருவரை நடுவில் வையுங்கள், ஆனால் அவர் ஆள் கூட்டிவந்த ஏஜெண்டின் ஆளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் உங்கள் காதுக்கு உண்மை வராது. பெயரைச் சரியாகச் சொல்லி அழையுங்கள். ஆயிரம் மைல் தாண்டி வந்தவரை 'ஏய் இந்தி' என்று கூப்பிடுவதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். எனக்கே உடம்பு கூசியது.

மேலிருந்து எனக்கு அழுத்தம் வருகிறது. அதைக் கீழே தள்ளாமல் நான் எங்கே வைப்பேன்?

இது உண்மையான கஷ்டம். பஞ்சு நூல் விலையில் தொடங்கி, சாயப்பட்டறைத் தாமதம், ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், சரக்கு வாங்கும் பையர் என்று எல்லோருடைய தாமதமும் கடைசியில் தையல் லைனில் வந்துதான் சேர்கிறது. கப்பல் தேதி மாறாது, எனவே மாறுவது டெய்லரின் தூக்கம். மாலை ஆறு மணிக்கு வந்து 'இன்று நைட் இருக்கிறது' என்று சொல்வதைவிட மனத்தை உடைக்கும் சொல் வேறில்லை. வீட்டில் பிள்ளை காத்திருக்கும், கடைசி பஸ் போய்விடும்.

காலையிலேயே சொல்லுங்கள். உங்களுக்கே காலையில் தெரியவில்லை என்றால், 'நடக்கலாம்' என்றாவது சொல்லுங்கள். வர முடியாதவரை வற்புறுத்தாதீர்கள், மறுநாள் வஞ்சம் தீர்க்காதீர்கள். மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டக் காலத்திலிருந்தே தொழிலாளியின் உரிமை, யாரும் போடும் பிச்சை இல்லை. மிகைநேரத்தையும் சாதாரணக் கூலியில் ஒன்றரை ஷிப்ட் என்று கணக்கிட்டுப் பழகிப்போனதால் அது மறந்துவிடுகிறது. மேலே பேச வேண்டியதும் உங்கள் வேலைதான்: 'இந்த லைனால் இன்று இத்தனை பீஸ்தான் முடியும்' என்ற எண்ணோடு போய்ப் பேசுங்கள்.

எங்கள் கம்பெனியில் அதிகம் கத்துகிற சூப்பர்வைசரின் லைனில்தான் உற்பத்தி அதிகம். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அப்படி இருக்கலாம், மறுக்கமாட்டேன். கட்டளைத் தலைவர் அறையில் இருக்கும்வரை வேலை நடந்தது என்று மேலே எழுதியிருக்கிறேன். அவர் ஒருநாள் லீவு போடும்போது அந்த லைனைப் போய்ப் பாருங்கள். அதோடு ஆறு மாதத்தில் எத்தனை டெய்லர் மாறினார்கள், செக்கிங்கில் எத்தனை பீஸ் திரும்பின, அயர்னிங்குக்குப் போனபின் எத்தனை டேமேஜ் வெளிப்பட்டன என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். தினக் கணக்குப் போர்டில் உற்பத்தி மட்டும்தான் ஏறுகிறது, மற்றவை வேறு யாருடைய கணக்கிலோ எழுதப்படுகின்றன.

கத்துகிற இடத்தில் தவறு குறையாது, மறையும். கெட்டுப்போன பீஸைக் கட்டின் அடியில் செருகிவிடுவார்கள், அல்லது பையில் போட்டு டாய்லெட்டுக்குக் கொண்டுபோய் மறைப்பார்கள். ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மருத்துவமனை வார்டுகளை ஆராய்ந்து 1996இல் எழுதியது இதைத்தான் காட்டுகிறது. நல்ல தலைமை உள்ள வார்டுகளில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தால், அங்கேதான் அதிகமாகப் பதிவாகியிருந்தன. பயமில்லாததால் தவறை வெளியே சொன்னார்கள். ஒரு லைனில் டேமேஜே இல்லை என்று சொன்னால் எனக்குச் சந்தோஷத்துக்கு முன் சந்தேகம் வரும்.

மனநிறைவு இருந்தால் உற்பத்தி கூடும் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? முதலாளியிடம் அதைச் சொல்லித்தான் அனுமதி வாங்க வேண்டும்.

அவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள், பிறகு மாட்டிக்கொள்வீர்கள். பல ஆய்வுகளைச் சேர்த்து 1985இல் கணக்கிட்டபோது இரண்டுக்கும் தொடர்பு பலவீனம் என்றார்கள். 2001இல் இன்னும் அதிகமான ஆய்வுகளோடு கணக்கிட்டபோது மிதமான தொடர்பு தெரிந்தது. நன்றாக வேலை செய்கிறவருக்கு அதனாலேயே மனநிறைவு வருவதும் உண்டு, எது முதலில் என்று பிரிப்பது கடினம்.

முதலாளியிடம் ஆள் நிற்பதைச் சொல்லுங்கள். லீவும் வேலையை விடுதலும் குறையும் என்பதற்கு ஹார்வுட்டும் இந்தியப் பரிசோதனையும் சான்று. டெய்லர் கிடைக்காமல் தவிக்கும் ஊரில் அந்த வாதம் போதும். என்னைக் கேட்டால், உற்பத்தி ஒரு பீஸ்கூடக் கூடாவிட்டாலும் மடியில் வீசுவது தவறுதான்.

சூப்பர்வைசருக்கு வேண்டியவர்களுக்கு மட்டும் சுலபமான வேலை கிடைக்கிறது. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?

ஒரு டெய்லர் கேட்ட கேள்வி இது. பீஸ் ரேட்டில் வேலையைப் பிரித்துக் கொடுப்பது பணத்தைப் பிரித்துக் கொடுப்பதற்குச் சமம். நேர்த்தையல் கிடைத்தவர் வாரக் கடைசியில் அதிகம் வாங்குவார், வளைவுத் தையல் கிடைத்தவர் அதே நேரம் உழைத்துக் குறைவாக வாங்குவார். கத்துகிற சூப்பர்வைசரைக்கூடச் சில டெய்லர்கள் மன்னிப்பார்கள், 'எல்லோரிடமும் அப்படித்தான்' என்பார்கள். பாரபட்சத்தை யாரும் மன்னித்து நான் பார்த்ததில்லை. கடினமான வேலையை முறைவைத்து மாற்றி, அந்த முறையைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

அசிங்கமாகப் பேசுவது, தொட்டுப் பேசுவது எல்லாம் 'அவர் பாணி, மனசில் ஒன்றுமில்லை' என்கிறார்கள். பொறுத்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். அது பாணி இல்லை, குற்றம். பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம், எழுதத் தெரியாவிட்டால் எழுதித்தர உதவ வேண்டியது குழுவின் கடமை. உங்கள் கம்பெனியில் குழு உறுப்பினர்களின் பெயர்ப் பலகை எங்கே இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

என் குணம் இப்படி. பயிற்சிக்கு வந்தால் மாறிவிடுமா?

பயிற்சியால் மட்டும் மாறாது என்பதைப் பயிற்சி கொடுக்கும் நானே சொல்கிறேன். ஃபிளைஷ்மன் 1953இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியின் ஃபோர்மன்களைப் பயிற்சிக்குப் பின் தொடர்ந்து பார்த்தார். வகுப்பில் மாறிய எண்ணங்கள் தொழிற்சாலைக்குத் திரும்பியதும் நிலைக்கவில்லை. ஃபோர்மன் எப்படி நடந்துகொள்வார் என்பதை, அவருக்கு மேலே இருப்பவர் அவரை எப்படி நடத்துகிறார் என்பதே அதிகம் தீர்மானித்தது. அதனால் இப்போதெல்லாம் கம்பெனி அழைத்தால், முதல் வகுப்பில் புரொடக்‌ஷன் மேனேஜரும் உட்கார வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மறுத்தால் போவதில்லை.

போன மாதம் ஒரு கம்பெனியில் மேனேஜர் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தார். மதியம் உணவு இடைவேளை முடிந்து லைனுக்குப் போனபோது ஒரு பெண்ணின் மெஷினில் தையல் விட்டுக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் குனிந்து, ஊசி முனையை நகத்தால் தடவிப் பார்த்தார்.